ஒருவரை நாயகராக்குவது எது? சமூகத்துக்கு அவர்கள் ஏன் தேவை?

துணிச்சல் மட்டும் போதாது. கொள்ளைக்காரனுக்கும் துணிச்சல் உண்டு. யாரும் கட்டாயப்படுத்தாமல், தனக்கு இழப்பு வரும் என்று தெரிந்தே, பிறருக்காக முன்வருபவரைத்தான் நாயகர் என்பேன்.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஒரு விமானம் பாலத்தில் மோதி, உறைந்துகிடந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. உயிர் தப்பி, உடைந்த வால் பகுதியைப் பற்றிக்கொண்டிருந்த சிலரில் ஆர்லண்ட் வில்லியம்ஸும் ஒருவர். ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வந்தபோதெல்லாம் அவர் அதை மற்றவர்களுக்கே கொடுத்தார். கடைசியில் அவருக்காக ஹெலிகாப்டர் திரும்பி வந்தபோது அவர் நீரில் மூழ்கியிருந்தார். வங்கிகளைத் தணிக்கை செய்வது அவருடைய வேலை. நம்மில் ஒருவர், அவ்வளவுதான்! (அந்தப் பாலத்துக்கு இன்று அவர் பெயர்தான்.)

சரி, சமூகத்துக்கு இவர்கள் எதற்கு? 'திருடாதே, கொல்லாதே' என்று சட்டம் சொல்லலாம். 'உன் கயிற்றை அடுத்தவருக்குக் கொடு' என்று அது கட்டளையிட முடியாது. அந்த இடத்தை முன்மாதிரிகள்தான் நிரப்புகின்றன. ஆபத்து நேரத்தில் கூட்டமாக நிற்பவர்கள், யாராவது போவார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துத் தயங்குவார்கள். ஒருவர் இறங்கிவிட்டால் போதும், அப்புறம் பலர் இறங்குவார்கள்.

அதற்காக நாயகர்களைக் குறையற்றவர்களாகச் சித்தரிக்க வேண்டாம். அப்படிச் செய்தால், 'அது நம்மால் ஆகாது' என்று குழந்தைகள் ஒதுங்கிவிடுவார்கள்.