சுறா நடுவே சறுக்கு, தட்டில் துவரை: அட்லாண்டிஸ் குறித்து வாசகர் கேட்டவை

பஹாமாஸின் பாரடைஸ் ஐலண்டில் இருக்கும் அட்லாண்டிஸ் விடுதி பற்றி வந்த கேள்விகள் இவை.

சுறாக்களுக்கு நடுவே சறுக்கிப் போகலாமாமே? ஏழு வயது மகளை ஏற்றுவார்களா?

வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் அளப்பார்கள். 48 அங்குலம் இருந்தால் ‘லீப் ஆஃப் ஃபெய்த்’ சறுக்கில் விடுவார்கள். மாயன் கோயில் போலக் கட்டிய மேடையின் உச்சியில் மல்லாக்கப் படுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஏறக்குறைய செங்குத்தாக 60 அடி. சுறாக் குளத்துக்குள் போகும் கண்ணாடிக் குழாயைக் கடக்கும்போது கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் அடிக்கும். சுறாவைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சுறாவைப் பார்க்கத்தான் ஆசையென்றால் அதே கோயிலில் ‘சர்ப்பென்ட்’ சறுக்கு இருக்கிறது. மிதவை வளையத்தில் உட்கார்ந்து இருட்டுக்குள் வளைந்து இறங்கினால், கடைசியில் அதே குளத்தின் குழாய்க்குள் மெல்ல மிதந்து போகலாம். தலைக்கு மேலே வெள்ளை வயிறு தெரிய ஒரு சுறா கடந்து போகும். உங்கள் மகளுக்கு இதுதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது.

அறை வாடகையில் சாப்பாடும் அடங்குமா?

அடங்காது. பலர் ஏமாறும் இடம் இது. கரீபியன் விடுதி என்றாலே எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம் என்று நினைத்து வந்துவிடுகிறார்கள். இங்கே காலைக் காபிக்கும் தனி பில். அதன்மேல் 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி. சேவைக் கட்டணத்தைப் பெரும்பாலும் பில்லிலேயே போட்டுவிடுவார்கள். கவனிக்காமல் டிப்ஸும் வைத்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். அறைக்கும் வாடகைக்கு மேல் நாள்தோறும் ரிசார்ட் கட்டணம் உண்டு. ஆறுதலான விஷயம், நீர் விளையாட்டுப் பூங்கா விடுதியில் தங்குபவர்களுக்கு இலவசம். பணம் மாற்ற அலைய வேண்டாம். பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் சரிக்குச் சரி.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். ஆனால் ‘பீஸ் அண்டு ரைஸ்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இருப்பது பட்டாணி அல்ல, நம்முடைய துவரை. முழுத் துவரையைத் தக்காளி, வெங்காயம், தைம் இலையோடு அரிசியில் வேகவைப்பார்கள். வாசனையே பசியைக் கிளப்பும். சிக்கல் என்னவென்றால், தாளிப்பு பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில். கேட்டுவிட்டு வாங்குங்கள். அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சங்குச் சதையைப் பச்சையாகப் பொடிப்பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, காரமான மிளகாய் சேர்த்துத் தரும் காங்க் சாலட்டை விடுதிக்குள் தேடாமல் தலைநகர் நாசோவின் அராவாக் கே கடைகளில் சாப்பிடுங்கள். உங்கள் கண் முன்னாலேயே நறுக்கித் தருவார்கள்.

நீச்சல் தெரியாது. டால்ஃபினைத் தொட முடியுமா?

முடியும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே தொடலாம், கட்டணம் தனி. அங்குள்ள டால்ஃபின்கள் சிலவற்றுக்கு ஒரு கதை உண்டு. 2005இல் கத்ரீனா புயல் மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட் கடல்வாழ் காட்சியகத்தை அழித்தபோது எட்டு டால்ஃபின்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டன. அவற்றுக்கு இங்கே இடம் கிடைத்தது. இருந்தாலும் காட்டு உயிரை வரிசையில் நின்று தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் விருப்பம்.

சூதாட்டக் கூடம்?

18 வயது நிரம்பியிருந்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், பஹாமாஸ் குடிமக்கள் அங்கே ஆடச் சட்டம் இடம் தருவதில்லை.

எந்த மாதம் போகலாம்? கரீபியன் கடல் எப்போது அமைதியாக இருக்கும்?

முதலில் ஒரு திருத்தம். உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரியப்போவது அட்லாண்டிக். புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, வாடகை உச்சம். நானாக இருந்தால் மே மாதம் போவேன்.

அமெரிக்கா வழியாகத் திரும்புகிறோம். கடைசி நாள் காலையில் ஒருமுறை குளித்துவிட்டுக் கிளம்பலாமா?

மாலை விமானமென்றால் தாராளமாக. மதிய விமானமென்றால் வேண்டாம். அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை நாசோ விமான நிலையத்திலேயே முடித்துவிடுவார்கள், வரிசை நீளும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.