துபாயிலிருந்து மிரட்டல்: குடியாத்தத்திலேயே வழக்குப் பதியலாம்

வணக்கம். குடியாத்தத்தில் படிக்கும் உங்கள் தங்கை மகளை, துபாயில் வேலை பார்க்கும் ஆம்பூர்க்காரர் ஒருவர் அவளுடைய அந்தரங்கப் படங்களை வைத்துச் செல்பேசியில் மிரட்டுவதாகவும், அவர் வெளிநாட்டில் இருப்பதால் வழக்குப் போட முடியாது என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதில் தவறு.

குற்றத்தின் விளைவு எங்கே நேர்ந்ததோ அங்கேயும் அதை விசாரிக்கலாம். அவர் இந்தியக் குடிமகன் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 1ஆம் பிரிவு கடல் கடந்தும் அவரைக் கட்டுப்படுத்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவோ குடியுரிமையையே பார்ப்பதில்லை, இந்தியாவிலுள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் போதும் (செல்பேசியும் அதில் அடங்கும்). வெளிநாட்டில் நடந்த குற்றத்துக்கு மத்திய அரசின் முன்அனுமதி கேட்கும் விதியைக் காவல் நிலையத்தார் குழப்பிக்கொண்டிருக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்த அதே விதியைப் பற்றி 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அனுமதி நீதிமன்ற விசாரணைக்கு மட்டுமே வேண்டும், காவல்துறையின் புலனாய்வுக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே எழுத்துப்பூர்வமான புகாருடன் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். அவள் பதினெட்டு வயதுக்குட்பட்டவள் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மறுப்பது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம் என்று எல்லைக் கணக்குச் சொன்னால், எந்த நிலையத்திலும் பதியக்கூடிய பூஜ்ய எஃப்ஐஆர் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் தெரிவியுங்கள்.

மிரட்டல் செய்திகளை அழிக்காதீர்கள். ஆனால் அந்தப் படங்களை உறவினர் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அதுவும் குற்றமாகிவிடும். ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1999இல் இந்தியா செய்துகொண்ட, குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த வழி மெதுவானதுதான். எனினும் வழக்குப் பதிவானால், அவர் விடுமுறைக்குச் சென்னையில் இறங்கும்போதே பிடிபடும்படி தேடுதல் அறிவிப்பு வெளியிடச் செய்யக் காவல்துறையால் முடியும்.