பயிற்சிக்கு முன்பா, பின்பா? (வாசகர் கடிதம்)

வணக்கம். எட்டு மாதமாகக் குறைந்த மாவுச்சத்து உணவில் இருக்கிறேன், ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள். எடை நன்றாகக் குறைந்தது. சர்க்கரை நோய் இல்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஜிம், ஒரு நாள் ஓட்டம். ஆனால் மூன்றாவது செட்டிலேயே கால் துவண்டுவிடுகிறது. பயிற்சிக்கு முன்னால் கொஞ்சம் கார்ப் (மாவுச்சத்து) எடுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். அதனால் அரை மணி நேரம் முன்பு இரண்டு பழுத்த வாழைப்பழமும் ஒரு சர்க்கரையில்லாத புரோட்டீன் பாரும் சாப்பிடுகிறேன். அன்றிலிருந்து வயிறு உப்புசம், ஓடும் நாளில் பாதியில் கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்கு ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) இருப்பதாக மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். பயிற்சி முடிந்து கார்ப் சாப்பிட்டால் கொழுப்பு கரைவது நின்றுவிடும் என்கிறார்கள். நான் எப்போதுதான் சாப்பிடுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடிந்த பிறகு சாப்பிடுங்கள். பயிற்சியாளர் சொன்னது தவறில்லை, ஆனால் அவர் உங்கள் தசையை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார், குடலைப் பார்க்கவில்லை.

உடல் கடுமையாக உழைக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் போய்விடுகிறது, குடலுக்குப் போகிற ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். வேகம் கூடக் கூட இரைப்பை காலியாவதும் தாமதமாகும். அந்த நேரத்தில் வயிற்றில் உணவு கிடந்தால் நல்ல வயிறே முணுமுணுக்கும். ஐபிஎஸ் உள்ளவருக்குக் குடல் கொஞ்சம் விரிந்தாலே வலி தெரியும், அதோடு ஓட்டத்தின் குலுக்கலும் சேர்ந்தால் நீங்கள் எழுதியிருப்பதுதான் நடக்கும். இன்னொன்றும் உண்டு. குளுக்கோஸை உள்ளே இழுக்கும் கடத்திகள் சிறுகுடல் சுவரில் இருக்கின்றன, மாவுச்சத்து குறைந்தால் இவையும் குறைவதை விலங்குகளில் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் போட்டிக்கு முந்தைய வாரங்களில் ஓட்டத்தின்போது சர்க்கரை எடுத்துப் பழகுவது இதற்காகத்தான். மாதக்கணக்கில் கார்பே அதிகம் பார்க்காத குடலில், அதுவும் ஓடப்போகிற நேரத்தில், திடீரென்று ஒரு சுமையை இறக்கினால் அது என்ன செய்யும்?

ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது வாழைப்பழத்தைக்கூட இல்லை, அந்த பாரைத்தான். பின்னட்டையைப் படித்துப் பாருங்கள். சர்க்கரையில்லை என்று போட்டிருக்கும் பார்களில் பெரும்பாலும் மால்டிடால், சார்பிட்டால் போன்ற இனிப்புகளோ, சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் என்னும் நாரோ இருக்கும். இந்த இனிப்புகள் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை, இனுலின் அநேகமாக அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. போகிற வழியில் தண்ணீரை இழுக்கின்றன, பெருங்குடலில் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான சிற்றுண்டியை யோசிப்பது கஷ்டம். இதை இன்றே நிறுத்துங்கள். வாழைப்பழத்திலும் நன்கு கனிந்ததைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருப்பது வயிற்றுக்கு நல்லது, பழம் கனியக் கனிய ஃப்ரக்டான் என்ற நொதிக்கும் சர்க்கரை அதில் கூடுகிறது.

மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு? அதை நீங்கள் எழுதவில்லை. குறைந்த மாவுச்சத்து உணவென்றால் கொழுப்பு அதிகமாகத்தான் இருக்கும், கொழுப்பு இரைப்பையைவிட்டு நகர நேரமெடுக்கும். ஜிம்முக்கு முன்னால் மூன்று நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அன்றைய மதிய உணவில் கொழுப்பைக் குறைத்து இரவுக்குத் தள்ளுங்கள்.

சரி, பின்னால் சாப்பிட்டால் கொழுப்பு கரைவது நின்றுவிடுமா? சில மணி நேரத்துக்குக் குறையும், அவ்வளவுதான். எடை குறைவதைத் தீர்மானிப்பது வாரக்கணக்கில் நீங்கள் சாப்பிடும் மொத்த அளவு. உழைத்த தசை அதிக இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும், அதைக் கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கும். உங்களுக்கு இதில்தான் லாபம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சி என்றால், இன்று முடிந்த பிறகு சாப்பிடும் கார்ப்தான் அடுத்த முறை எடை தூக்கும்போது காலில் இருக்கும். அதே நாளில் இரண்டு முறை பயிற்சி செய்பவர்தான் அவசரப்பட வேண்டும், உங்களுக்கு 24 மணி நேரத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே முடித்ததும் பரபரவென்று சாப்பிடாமல் அரை மணியோ ஒரு மணியோ வயிறு அடங்கும்வரை பொறுங்கள். மறுநாள் எடை கூடிக் காட்டினால் பயப்பட வேண்டாம், ஒரு கிராம் கிளைகோஜன் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரோடு சேர்ந்துதான் தங்கும்.

என்ன சாப்பிடுவது என்றால், என் தேர்வு வெள்ளைச் சோறு. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, சிறுகுடலிலேயே அநேகமாக முழுதும் உறிஞ்சப்பட்டுவிடும், வாயு குறைவு. வடித்த சூட்டோடு சாப்பிடுங்கள், ஆறிப்போனால் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போகும். தோல் நீக்கிய வேகவைத்த உருளைக்கிழங்கும் நல்லதுதான். பயிற்சி நாட்களில் மட்டும், வழக்கமான 50 கிராமுக்கு மேலே இந்த ஒரு பங்கு. இரண்டு வாரம் வயிறு ஒத்துழைத்தால் அளவைக் கூட்டலாம்.

அப்புறம், கால் துவள்வதற்குக் காரணம் கார்ப் குறைவுதானா என்றும் பார்த்துவிடுங்கள். இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றும், வியர்வையிலும் போகும், அதனால் வரும் சோர்வு அப்படியே கார்ப் குறைவு போலத்தான் இருக்கும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இல்லையென்றால், பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு உப்புப் போட்ட ஒரு கோப்பை தெளிந்த சூப் குடித்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வார்ம்அப் தொடங்கும்போது 10 முதல் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பழச்சாறு வேண்டாம், அதிலுள்ள ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை உங்கள் குடலுக்குச் சிக்கல். அரை மணி முன்பே குடிப்பதும் வேண்டாம், சிலருக்கு ஏறிய சர்க்கரை பயிற்சி தொடங்கியதும் சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் இன்சுலினோ வேறு சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, காரணமில்லாத எடைக்குறைவு, இதில் எது இருந்தாலும் ஐபிஎஸ்தானே என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா, செய்திருந்தால் எப்போது? கோதுமையை விட்டுப் பல மாதங்கள் ஆன பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். இந்த உணவுமுறைக்கு வந்த பிறகுதான் செய்தார்கள் என்றால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.