சிங்கப்பூரில் தரை வீட்டுத் தோட்டத்தில், அதிகச் செலவில்லாமல் விறகு அடுப்பில் பீட்சா சுடுவது எப்படி? அடி கருகி மேலே வேகாமல் போவது ஏன்?

இரண்டாவது கேள்விக்கான பதிலிலேயே முதல் கேள்விக்கும் பாதி பதில் இருக்கிறது. பீட்சா அடுப்பில் இரண்டு சூடு உண்டு. அடியில் இருக்கும் கல்லின் சூடு ஒன்று, பின்பக்கம் எரிந்து கூரையைத் தொட்டு முன்னால் வரும் தீயின் சூடு இன்னொன்று. கல் அடியை வேக வைக்கிறது, தீ மேற்புறத்தை வேக வைக்கிறது. அடி கருகி மேலே பச்சையாக இருந்தால் கல் அதிகம் காய்ந்திருக்கிறது, தீ தணிந்துவிட்டது என்று பொருள். மேலே கருகி அடி வெளுத்திருந்தால் நேர்மாறு. தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே வேண்டாம். 400 டிகிரி செல்சியஸில் இருக்கும் கல்லில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

அடுப்பைப் பொறுத்தவரை, 12 அங்குலப் பீட்சா சுடும் சிறிய எஃகு அடுப்பே போதும். பெயர் பெற்ற நிறுவனங்களின் விலையில் பாதிக்கும் குறைவாகவே இணையத்தில் கிடைக்கின்றன. வாங்கும்போது கல், அதிகச் சூட்டைத் தாங்கும் கார்டியரைட் கல்லா, குறைந்தது 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை நம்பாதீர்கள். அது காற்றின் சூட்டைத்தான் காட்டும், கல்லின் சூட்டை அல்ல. மிச்சப்படுத்திய பணத்தில், தொடாமலேயே கல்லின் சூட்டை அளக்கும் ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி வாங்குங்கள். 550 டிகிரி வரை அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மலிவானவை பல 380-லேயே நின்றுவிடும், காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி இதற்கு உதவவே உதவாது. அடுப்புக்கு அடுத்தபடி உண்மையிலேயே பயன்படும் பொருள் இதுதான் என்பேன்.

இடம் பற்றிச் சுருக்கமாக: இது கூரையில்லாத திறந்தவெளி வேலை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பால்கனியோ பொதுத் தாழ்வாரமோ இதற்கு ஏற்றதல்ல. பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகம் ஒதுக்கிய பார்பிக்யூ குழிகளில்தான் தீ மூட்டலாம். கூட்டுரிமை (கொண்டோ) வீடுகளில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். தரை வீட்டிலும் சுவர், வேலி, துணிக்கொடி ஆகியவற்றிலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில், கல் அல்லது எஃகு மேசைமீது வையுங்கள். கார் நிறுத்தும் கூரைக்குக் கீழே வேண்டாம். கரியமில வாயுவைவிட ஆபத்தான கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கும்.

எரிபொருளுக்குப் பெல்லெட் எனப்படும் அழுத்திய மரத்தூள் குச்சிகள் வசதியானவை. சமையலுக்கென்று விற்கும் கடினமரப் பெல்லெட் மட்டும் வாங்குங்கள். பூனை மணலாக விற்கும் பைன் பெல்லெட், பெயின்ட் பூசிய பலகை, சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டு எதுவும் வேண்டாம். நம்மூர் ஈரப்பதம்தான் பெல்லெட்டின் முதல் எதிரி. ஒன்றை விரலால் ஒடித்துப் பாருங்கள். நல்லது ‘டக்’கென்று ஒடியும், மேல்தோல் பளபளக்கும். ஈரம் ஏறியது சத்தமில்லாமல் மாவாக உதிரும். அதைப் போட்டால் புகைதான் வரும், தீ வராது. மூட்டையைப் பிரித்ததும் அரிசி கொட்டி வைக்கும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினாலும் தீ மூச்சுத் திணறிக் கரும்புகை விடும், பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நாறும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், போட்டதும் எரிபொருள் பெட்டியின் மூடியை அடையுங்கள். மூடி திறந்திருந்தால் தீ பெட்டிக்குள்ளேயே ஏறி வரக்கூடும்.

இனி மாவு. நான்கு பீட்சாவுக்கு ரொட்டி மாவு 600 கிராம் (புரதம் 12 விழுக்காடு அளவில்), குளிர்ந்த தண்ணீர் 370 கிராம், உப்பு 17 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு. சர்க்கரை வேண்டாம், இந்தச் சூட்டில் அதுதான் முதலில் கருகும். வெளிநாட்டுக் குறிப்புகள் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லும், அது குளிர்நாட்டுக்குச் சரி. இங்கே 30 டிகிரியில் தோசை மாவு எவ்வளவு சீக்கிரம் பொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். பீட்சா மாவும் அப்படித்தான் மீறிப் புளித்து, இழுத்தால் கிழியும் அளவுக்குத் தளர்ந்துபோகும். அதனால் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, 20 நிமிடம் மூடி வைத்து, பரோட்டா மாவு போல மென்மையாக இழுபடும்வரை மறுபடி பிசையுங்கள். ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, சுமார் 245 கிராம் உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய டப்பாவில் 24 முதல் 48 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சுடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

டின் தக்காளியைக் கையால் நசுக்கி உப்பு மட்டும் போடுங்கள், வேக வைக்க வேண்டாம். ஒரு பீட்சாவுக்கு 60 முதல் 70 கிராம், அதற்கு மேல் போனால் நடுப்பகுதி சொதசொதவென்று ஆகும். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா பாலாடைக்கட்டியைப் பிய்த்து வடிகட்டியில் இரண்டு மணி நேரமாவது வடிய விடுங்கள். கோழி, இறைச்சி எதுவானாலும் முன்பே முழுதாக வெந்திருக்க வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் பச்சை இறைச்சி வேகாது.

அடுப்பை மூட்டி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். கல்லின் நடுவில் 380 முதல் 420 டிகிரி காட்டும்போது மாவைக் கையால் விரித்து, பீட்சாவை அடுப்புக்குள் தள்ளும் தட்டையான துடுப்பில் சன்ன ரவை தூவி, அதன்மேல் வைத்து, அதன்பிறகே சாஸ் பூசுங்கள். பூசிவிட்டுப் பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த ஈரக் காற்றில் இரண்டு மூன்று நிமிடத்திலேயே மாவு துடுப்பில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே தள்ளும் முன் துடுப்பை லேசாக ஆட்டிப் பாருங்கள். பீட்சா வழுக்கி அசைந்தால் தள்ளலாம், அசையாவிட்டால் ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை போடுங்கள். ரவை அதிகமானாலும் கல்லில் கருகி அடியில் கசப்பு ஏறும், ஒவ்வொரு பீட்சாவுக்குப் பிறகும் தூரிகையால் தள்ளிவிடுங்கள்.

உள்ளே போனதும் முதல் 20 விநாடி தொடாதீர்கள், அடி இறுகட்டும். பிறகு 15 முதல் 20 விநாடிக்கு ஒருமுறை திருப்புங்கள், தீயைப் பார்த்திருக்கும் பக்கம்தான் முதலில் கருகும். விளிம்பு உப்பி அங்கங்கே கரும்புள்ளி விழுந்தால் எடுத்துவிடலாம், ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் முடியும். தடிமன் குறைந்த கல் ஆதலால் ஒரு பீட்சா சுட்டதும் சூடு சட்டென்று இறங்கும். அடுத்ததை உடனே போட்டு அடி வெளுத்துப்போவதுதான் பலரும் செய்யும் தவறு. பெல்லெட் போட்டு, தீ எழும்பி, கல் மறுபடி 380-ஐத் தாண்டும்வரை மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுங்கள். கல் 450-ஐத் தாண்டிவிட்டால் கொஞ்ச நேரம் ஆற விட்டு, பீட்சா போடும் தறுவாயில் பெல்லெட் சேர்த்துத் தீயை எழுப்புங்கள். அடி கருகும் பிரச்சினை இதோடு தீரும்.

மாவு கிழிந்து சாஸ் கல்லில் கொட்டினால் கழுவ வேண்டாம். அதுவே எரிந்து கரியாகட்டும், பிறகு சுரண்டுங்கள். மழையில் நனைந்த கல்லை நேராகப் பெரிய தீயில் வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பிளந்துவிடும். சின்னத் தீயில் அரை மணி நேரம் காய விட்டுப் பிறகு சூட்டை ஏற்றுங்கள். சாம்பலை மறுநாள் நன்றாக ஆறிய பிறகே அள்ளுங்கள், அதுவும் இரும்பு வாளியில்.