ஐந்து 'இல்லை'

வணக்கம் ஐயா. அப்பாவுக்கு 71 வயது. ஆறு வருடமாக இன்சுலின் போடுகிறார். மாதத்தில் மூன்று நான்கு தடவை சுகர் இறங்கிவிடுகிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போன இடத்தில் வாழ்க்கைத் தரம் பற்றி ஒரு தாள் கொடுத்தார்கள். நடக்கச் சிரமமா, குளிக்க உடுத்தச் சிரமமா, அன்றாட வேலைகள், வலி, கவலை என்று ஐந்து கேள்வி. ஐந்துக்கும் 'இல்லை' என்று குறித்துவிட்டு எழுந்துவிட்டார். முதல் நாள் ராத்திரிதான் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்து கிடந்தவரை அம்மா பார்த்து எழுப்பி, மைலோ கரைத்துக் கொடுத்தோம். அப்பா பொய் சொல்கிறாரா, அந்தத் தாளே வீணா?

(சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி. பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்.)

வணக்கம்.

அப்பா பொய் சொல்லவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஈக்யூ-5டி. எல்லா நோய்க்கும் பொதுவாகப் பல நாடுகளில் புழங்குகிற தாள். அது இன்றைய நிலையை மட்டும்தான் கேட்கும். ராத்திரி இறங்கிய சுகர் காலையில் ஏறியாயிற்று. அப்புறம் இன்றைக்கு என்ன சிரமம்? சரியாகத்தான் குறித்திருக்கிறார்.

நானும் சர்க்கரைக்காரன்தான், கிளிப்பிசைடு மாத்திரை. இரண்டு வருடத்துக்கு முன் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுத் தேக்காவில் அலைந்துவிட்டு ரயில் ஏறினேன். கை நடுங்கியது, எங்கே இறங்க வேண்டும் என்பதே மறந்துபோனது. சோதித்தால் 3.1, இங்கே மில்லிமோல் கணக்கு. ஊரில் இருக்கும் தம்பி "மூணா!" என்று அலறினான். அங்கே மில்லிகிராம் கணக்கில் 70, 80 என்று எண்ணிப் பழக்கம். நம் எண்ணை 18-ஆல் பெருக்கிச் சொன்ன பிறகுதான் அடங்கினான். 3.9-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 3-க்குக் கீழே போனால் நிலைமை மோசம்.

மீட்டர் சொன்னது அவ்வளவுதான். அன்றிலிருந்து என் மனைவி ராத்திரியில் எழுந்து, வேர்த்திருக்கிறதா என்று என் பின்கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். சாயங்கால நடையையும் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் முழங்கால் வலி என்பேன். படுக்கப் போகும்முன் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு துண்டு ரொட்டி. மூன்று மாதச் சராசரி ஏறியது, டாக்டரிடம் திட்டு வாங்கினேன். ரொட்டிக்குக் காரணம் பயம் என்று அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இதைக் கேட்கிற தாளும் உண்டு. 1987-லேயே அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் தாழ்சர்க்கரை பயத்தை அளக்க ஒன்று தயாரித்தார்கள். அதில் ஒரு பகுதி கவலையைக் கேட்கும். இன்னொரு பகுதி, சுகர் இறங்காமலிருக்க நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்கும். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. பயமா என்று கேட்டால் நம் அப்பாக்கள் யார் ஆமாம் என்பார்கள்? தனியாக இருக்கும்போது சுகரைக் கொஞ்சம் ஏற்றியே வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் ரொட்டி வெளியே வந்துவிடும்.

ஐரோப்பாவில் 2018-ல் தொடங்கிய ஹைப்போ-ரிசால்வ் ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்கள். கைப்பேசிச் செயலி ஒன்று தினமும் மூன்று வேளை தூக்கம், மனநிலை, களைப்பு, வேலை பற்றிக் கேட்கும்; உடம்பில் ஒட்டிய சென்சார் காட்டும் எண்களோடு அந்தப் பதில்களை வைத்துப் பார்ப்பார்கள். ராத்திரி நடந்ததைக் காலையிலேயே கேட்டுவிடுவதால் மறக்க வழியில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அம்மா பார்த்து எழுப்பினார் என்கிறீர்கள். அப்பாவுக்குத் தானாகத் தெரியவில்லையா? அடிக்கடி இறங்கினால் நடுக்கம், படபடப்பு எல்லாம் மங்கிப்போகும், எச்சரிக்கையே இல்லாமல் விழுவார்கள். இதற்கும் ஒற்றைக் கேள்வி ஒன்று இருக்கிறது: சுகர் இறங்கத் தொடங்குவது உங்களுக்குத் தெரிகிறதா? எப்போதும் தெரியும் என்றால் 1, தெரியவே தெரியாது என்றால் 7. நான்கும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய விஷயம். மாதம் மூன்று நான்கு தடவை என்பதே இந்த வயதுக்கு அதிகம். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் டாக்டரைப் பார்த்து இன்சுலின் அளவைப் பேசுங்கள்.

மைலோ வேண்டாம், பாலும் கொழுப்பும் சேர்ந்தால் மெதுவாகத்தான் ஏறும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுகிறார் என்று அப்பா முன்னாலேயே அவரிடம் கேளுங்கள்.