வாடிக்கையாகப் போகும் ஸ்போர்ட்ஸ் பாரில் சேவை மோசமாகிவிட்டது, மேனேஜரிடம் கேட்டால் சண்டையாகிறது. என்ன செய்யலாம்?

ஐந்து வருடமாகப் போகிற இடம், நிர்வாகம் மாறியதிலிருந்து ஆர்டர் வரவே ஒரு மணி நேரம் ஆகிறது, பில்லிலும் தப்பு வருகிறது, கேட்டதற்கு ‘பிடிக்கவில்லை என்றால் வராதீர்கள்’ என்று மேனேஜர் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டையைத் தொடர்வதா, விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பதா என்பது கேள்வி.

விட வேண்டாம். ஆனால் அன்றிரவு போட்ட சண்டையையும் தொடர வேண்டாம். அதை அப்படியே வைத்துவிட்டு, எழுத்தில் புதிதாகத் தொடங்குங்கள். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். அதற்கு முன்பு சில ஆண்டுகள் உணவகத் தளத்தில் ஷிஃப்ட் பார்த்தவன் என்பதால் மேசைக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

நான் ஆறு வருடமாகப் போய்வந்த இடம் அது. கால்பந்து இருக்கும் வார இறுதியில் நண்பர்கள் நாலு பேரும் அங்கேதான் இருப்போம். ஒரு நாக் அவுட் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே டேபிள் சொல்லி வைத்திருந்தேன். எட்டு மணிக்கு ஆட்டம். ஏழரைக்குப் போனால் எங்கள் டேபிளில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். தூணுக்குப் பின்னால் ஓர் இடம் கிடைத்தது. 8.10-க்கு ஆர்டர் சொன்னோம். வந்தது 9.25-க்கு. அதாவது இடைவேளையும் முடிந்து, இரண்டாம் பாதியும் பாதி ஓடிவிட்டது. நடுவில் எங்கள் பக்கத்துத் திரையில் யாரோ சேனலை மாற்றிவிட்டார்கள். அதைத் திரும்பப் போட வைக்கவே பத்து நிமிடம். கடைசியில் பில்லில் வேறொரு டேபிளின் இரண்டு ஐட்டம்.

பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மேனேஜர் வந்தால்தான் சார் எடுக்க முடியும்” என்றான். அது உண்மை. பல இடங்களில் பில்லில் ஏறிவிட்ட ஒன்றை சர்வர் நீக்க முடியாது. மேனேஜரின் ரகசிய எண்ணோ அட்டையோ வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ஆனால் மேனேஜர் வர இருபது நிமிடம் ஆனால், அந்த இருபது நிமிடமும் வாடிக்கையாளரின் கோபத்தை வாங்குவது அந்தப் பையன்தான். அன்று அவன் பன்னிரண்டு டேபிளைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஷிஃப்ட் போட்ட காலத்தில் ஒருவருக்கு ஐந்து, மிஞ்சினால் ஆறு டேபிளுக்கு மேல் கொடுக்க மாட்டோம்.

மேனேஜர் வந்தார். “இன்றைக்குக் கூட்டம் எப்படி என்று நீங்களே பார்த்தீர்கள் சார்” என்றார். அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். “ஆறு வருஷமாக வருகிறேன், என்னிடமே இப்படியா?”

“இங்கே வருகிற எல்லோரும் எங்களுக்கு ஒன்றுதான் சார். சரிப்படவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.”

அந்தப் பதில் எனக்கு மிகவும் வலித்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் தூங்கவில்லை. ஆனால் மறுநாள் யோசித்தபோது ஒன்று புரிந்தது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லும் வரை பேச்சு எழுபத்தைந்து நிமிடத்தைப் பற்றியும் இரண்டு தப்பான ஐட்டத்தைப் பற்றியும் இருந்தது. அதற்கு அவரிடம் பதில் இல்லை. நான் வருடக் கணக்கைச் சொன்னதும் பேச்சு மாறி, எனக்குத் தனி மரியாதை உண்டா இல்லையா என்பதாகிவிட்டது. அதற்கு அவரிடம் பதில் இருந்தது, அதுவும் நியாயமான பதில். பக்கத்து டேபிளில் முதல்முறை வந்து உட்கார்ந்திருந்தவருக்கும் அதே எழுபத்தைந்து நிமிடம்தானே ஆனது. நீங்களும் உங்கள் மேனேஜரிடம் ‘ஐந்து வருடம்’ என்றுதான் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழகிய இடத்தில் நம்மை மதிக்கவில்லை என்ற வருத்தம் பொய்யில்லை. அதை நண்பர்களிடம் சொல்லுங்கள். புகாரில் வைக்காதீர்கள்.

சரி, ‘கூட்டம் அதிகம்’ என்ற காரணத்துக்கு வருகிறேன். மற்ற உணவகங்களில் அதை நான் ஓரளவு ஏற்றுக்கொள்வேன். ஸ்போர்ட்ஸ் பாரில் ஏற்க மாட்டேன். எந்த வியாபாரத்திலும் கூட்டம் எப்போது வரும் என்று ஊகிக்கத்தான் முடியும். இங்கே அது அட்டவணையாகவே அச்சாகி வந்துவிடுகிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அணிகள் என்பது முன்கூட்டியே தெரியும். கால்பந்தில் 45 நிமிடம் யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். அப்புறம் 15 நிமிட இடைவேளையில் மொத்த அரங்கமும் ஒரே நேரத்தில் ஆர்டர் சொல்லும். டி20 என்றால் இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவே 20 நிமிடம், அதே கதை. சாதாரண உணவகத்தில் மூன்று மணி நேரத்தில் சிறிது சிறிதாக வரும் ஆர்டர் இங்கே கால் மணி நேரத்தில் கிச்சனில் வந்து விழும். நாக் அவுட் ஆட்டம் சமனானால் இன்னும் 30 நிமிடம் எக்ஸ்ட்ரா டைம், அதிலும் முடியாவிட்டால் பெனால்டி. கிச்சன் மூடும் நேரம், ஷிஃப்ட் முடியும் நேரம் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தள்ளிப்போகும். இதெல்லாம் தெரிந்தே அந்த இரவுக்கு ஒரே ஆளைப் போட்டிருந்தால், அது நிர்வாகம் யோசித்து எடுத்த முடிவு. ஒரு சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு அந்தச் சுமையை சர்வர் தலையிலும் நம் தலையிலும் வைப்பது.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்ற உணவகத்தில் ஒரு டேபிள் மணிக்கு ஒருமுறை காலியாகும். இங்கே ஒரு குழு உட்கார்ந்தால் இரண்டு, இரண்டரை மணி நேரம் எழாது. ஒரே ஒரு பானத்தை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்க்கிறவர்கள் உண்டு. வாடிக்கையாக வருகிறவர்கள்தான் இதை அதிகம் செய்வார்கள். நீங்கள் அப்படியென்றால், பேசப் போகும் முன் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ட நாளில் குறைந்தபட்சத் தொகை வைப்பதை நான் தப்பாக நினைப்பதில்லை, உட்காரும் முன்பே சொல்லிவிட்டால் போதும்.

அப்புறம் எழுதினேன். முதல் மடல் நீளமானது. இடம் எப்படி இருந்தது, இப்போது எப்படி ஆகிவிட்டது, எவ்வளவு மனம் உடைந்தது என்றெல்லாம். பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து இரண்டாவதை எழுதினேன், மேனேஜருக்கு இல்லாமல் ஓனருக்கே. கிட்டத்தட்ட இப்படி:

“நாக் அவுட் போட்டி நடந்த சனிக்கிழமை நான்கு பேருக்கு டேபிள் பதிவு செய்திருந்தேன். 7.30-க்கு வந்தபோது அது வேறு ஒருவருக்குத் தரப்பட்டிருந்தது. 8.10-க்குச் சொன்ன ஆர்டர் 9.25-க்கு வந்தது. பில்லில் நாங்கள் வாங்காத இரண்டு ஐட்டம் இருந்தன, படம் இணைத்திருக்கிறேன். அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு சர்வர்தான் இருந்தார், அவர் கடைசி வரை மரியாதையாக நடந்துகொண்டார். அந்த இரண்டு ஐட்டத்தின் தொகையைத் திருப்பித் தர வேண்டும். பதிவை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். பெரிய ஆட்டங்களுக்கு இன்னொரு ஆளைப் போட முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.”

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

சர்வரைப் பற்றிய அந்த ஒரு வரியை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். நீங்களும் சேர்த்துவிடுங்கள். புகார் மேலே போனதும் மேலிருந்து திட்டு கீழேதான் இறங்கும். அதிகாரம் இல்லாத ஆளின் மேல் அது விழாமல் பார்த்துக்கொள்வது புகார் எழுதுகிறவரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன். டிப்ஸும் அப்படித்தான். நிர்வாகம் செய்த தப்புக்கு அவன் டிப்ஸைப் பிடிப்பதால் நிர்வாகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஓனர் தொகையைத் திருப்பித் தந்தார். மற்ற இரண்டுக்கும் பதிலாக, அடுத்தமுறை இலவசமாகச் சாப்பிட ஒரு கூப்பன் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீம்பினால் சொல்லவில்லை. அதே ஆள் எண்ணிக்கையோடு ஓடும் அதே இடத்தில் இன்னோர் இரவு காத்திருக்கக் கொடுக்கும் அழைப்புதானே கூப்பன்?

இதைப் பற்றி ஆய்வுகளும் உண்டு. தவறு நடந்து, அதை நன்றாகச் சரிசெய்துவிட்டால், தவறே நடக்காதபோது இருந்ததைவிட வாடிக்கையாளர் அதிகத் திருப்தி அடையலாம் என்று 1992-ல் மெக்கல்லோ, பரத்வாஜ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வைத்தார்கள். சேவைத் துறையில் மேலாளர்களுக்கு இது மிகவும் பிடித்த கருத்து. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, திருப்தி கூடுவது உண்மைதான், ஆனால் மறுபடி வாங்குவோம் என்ற எண்ணம் அப்படிக் கூடுவதற்குச் சான்று இல்லை என்றது. ஒருமுறை மன்னித்தவர் அதே தப்பு திரும்ப நடந்தால் மன்னிப்பதில்லை என்பதைத் தளத்தில் வேலை பார்த்த எவரும் சொல்வார்கள். இதையே கொஞ்சம் மென்மையாக ஓனரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

உங்கள் விஷயத்தில் இன்னும் சில. ‘வராதீர்கள்’ என்று ஒரு தனியார் இடம் சொல்ல முடியுமா என்றால், பல நாடுகளில் பொதுவாக முடியும். இனம், மதம், பாலினம் போன்ற காரணத்துக்காக மறுத்தால்தான் பொதுவாகச் சட்டம் குறுக்கே வரும். ஆகவே உரிமை என்று அங்கே போய் நிற்காதீர்கள். அந்த வார்த்தையை ஓனர் அறிவாரா என்று மட்டும் மடலில் கேளுங்கள். பில்லில் அதிகம் எடுத்த பணத்தை அவர்கள் தராவிட்டால், அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். ‘சேவை மோசம்’ என்று போனால் வங்கி பெரும்பாலும் கேட்காது. ‘வாங்காததற்குக் கட்டணம்’ என்று போங்கள். இணையத்தில் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், யார் பெயரும் வேண்டாம். விமர்சனம் போடுவேன் என்று சொல்லி எதையும் கேட்டு வாங்காதீர்கள், அது மிரட்டல்.

எனக்கு என்ன ஆனது என்றால், அடுத்த பெரிய ஆட்டத்துக்கு எங்கள் பகுதியில் இரண்டு பேர் இருந்தார்கள். முதல் பாதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர்களே ஒவ்வொரு டேபிளாக வந்து இடைவேளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். செலவில்லாத, எளிய ஏற்பாடு. கிச்சனுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். மேனேஜர் எங்கள் டேபிளுக்கு வந்து, அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்தியதற்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். டேபிள் பதிவை எழுத்தில் தருவது மட்டும் இன்னும் சரியாக நடக்கவில்லை. அதனால் ஆட்டத்துக்கு முந்தின நாள் நானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகுதான் நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் கையில் கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பில்களில் டேபிள் திறந்த நேரமும் பில் போட்ட நேரமும் அச்சாகியிருக்கும். அந்தத் தாள் நாளாக நாளாக மங்கிப்போகும், எனவே இன்றே படம் எடுத்துவிடுங்கள். மடலை இந்த வாரத்துக்குள் ஓனருக்கு அனுப்பி, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். அதுவரை அங்கே போக வேண்டாம்.