நாலு படி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் திருநெல்வேலி டவுன்காரன். மேல ரத வீதியில இருந்து உள்ள பிரியுற ஒரு தெருவுல எங்க பூர்வீக வீடு இருக்கு. எனக்கு பெங்களூர்ல வேலை, வருஷத்துக்கு மூணு தடவை வருவேன். எங்க தெருவுல எல்லாமே சுவரோட சுவரு சேந்த ஒட்டு வீடு. திண்ணை, அதத் தாண்டி உள்ள முன்கட்டு தார்சா, பட்டாசல், வானவெளின்னு ஒரே வரிசையா இருக்கும். இப்போ பக்கத்து வீட்டுக்காரர் பழசை இடிச்சுட்டு மூணு மாடி கட்டுறார், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மீதிக்கு சில்வர் ஷீட்டு. பாக்கவே கஷ்டமா இருக்கு.

அமெரிக்காவுல இருக்குற எங்க அத்தான் சொன்னார், அங்க அவர் ஊர்ல வீடுகளுக்கு டிசைன் விதி கொண்டு வர்றதுக்கு முன்னாடி குடியிருக்கிறவங்ககிட்ட கருத்து கேக்காங்களாம். உயரம் எவ்வளவு, கூரைச் சரிவு எப்படி, கார் ஷெட்டு தெருவப் பாத்து இருக்கலாமா, எல்லாம். ‘நெய்பர்ஹுட் கேரக்டர்’ கெடக்கூடாதுன்னு. நம்ம ஊர்லயும், ஊரு எப்படி வளரணும்னு போடுற மாஸ்டர் பிளானுக்குக் கருத்து சொல்லலாமாமே. பழைய தெருக்கள்ல ரெண்டு மாடிக்கு மேல கூடாது, முகப்ப மாத்தக் கூடாது, பாண்டிச்சேரி மாதிரி ஒரே கலர் அடிக்கணும்னு எழுதலாம்னு இருக்கேன். இதெல்லாம் எழுதினா யாராவது படிப்பாங்களா? நீங்க என்ன நினைக்கீங்க?

போன மழைக்கு வேற தார்சா வரைக்கும் தண்ணி வந்துட்டு. சின்ன வயசுல அப்படி வந்ததே இல்ல.

(பேர் போட வேண்டாம் அண்ணாச்சி.)

தம்பி,

இதுக்குப் பதில் எழுத வேண்டாம்னுதான் மொதல்ல நெனச்சேன். பழைய வீடு போச்சே, திண்ணை போச்சேன்னு மாசத்துக்கு நாலு கடிதம் வரும், நாலும் வெளியூர்ல இருந்துதான் வரும். ஆனா கடைசியில போற போக்குல ரெண்டு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, தார்சா வரைக்கும் தண்ணி வந்துட்டுன்னு, அதான் என்னைய உக்கார வச்சுட்டு. மொத்தக் கடிதத்துலயும் உருப்படியான விஷயம் அது ஒண்ணுதான், அதப் போயி ‘வேற’ போட்டு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கீங்க.

கலர் விஷயத்த விட்டுருங்க. திருநெல்வேலி வெயிலுக்கு எந்தக் கலரா இருந்தாலும் ரெண்டு சித்திரையில எல்லாம் ஒரே கலராத்தான் ஆகும். பாண்டிச்சேரி வைசியாள் வீதியில முகப்பெல்லாம் சரிபண்ணினாங்க, அது நல்ல வேலை, யுனெஸ்கோ விருதுகூட கெடச்சுது. அதுக்கு ஐரோப்பாவுல இருந்து துட்டு வந்துச்சு, தெருவுல ஆளு குடியிருந்துச்சு. நம்ம டவுனுக்கு அந்தத் துட்டு வந்தா சொல்லுங்க, சுண்ணாம்பு வாளியத் தூக்கிக்கிட்டு மொத ஆளா நான் வாரேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சங்கதிக்கு வருவோம். கண்ணாடி முகப்பு அசிங்கம்தான், ஒத்துக்கிடுதேன், மே மாசம் அவரே உள்ள திரை போட்டு மூடிருவாரு. ஆனா அந்த மனுஷன் அந்தத் தெருவுல இருக்காரு. காலையில நல்லி திறந்துட்டான்னா குடத்தத் தூக்கிட்டு ஓடுதாரு, கரண்டு போனா இபிக்கு அவருதான் போன் பண்ணுதாரு, உங்க வீட்டுச் சுவத்துல அரசங்கன்னு முளைச்சா உங்களுக்குத் தகவல் சொன்னதும் அவராத்தான் இருக்கும். நீங்க பூட்டு போட்டுட்டுப் போயிருக்கீங்க. சாயங்காலம் வெளக்கு எரியாத வீடு, வாசல்ல கோலம் இல்லாத வீடு, அதுவும் தெருவ அழிக்குற காரியம்தான். மூணு மாடிய விட உங்க பூட்டு அந்தத் தெருவுக்குக் கம்மியாக் கெடுதல் பண்ணுதுன்னு நீங்க நெனச்சா அது தப்பு. கோவிச்சுக்காதீங்க, எங்க வீடும் பத்து வருஷம் பூட்டித்தான் கெடந்துச்சு, அந்தக் குத்தத்த எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்.

அத்தான் சொன்ன அந்த வார்த்தை இருக்குல்லா, தெருவோட கேரக்டருன்னு, அதுக்கு அந்த ஊர்ல ஒரு பழைய கதை உண்டு. கறுப்பர்கள் இந்தத் தெருவுல குடிவரக் கூடாதுன்னு ஊரு ஊரா சட்டம் போட்டாங்க, 1917-ல அவங்க சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதுன்னுட்டு. பொறவு நேரடியாச் சொல்ல முடியாதத மனை அளவ வச்சு, வீட்டு வகைய வச்சு சுத்தி வளைச்சுச் சொன்னாங்க. 1926-ல யூக்ளிட்னு ஒரு ஊரு வழக்குல அதே கோர்ட்டு, தனி வீட்டுத் தெருவுக்குள்ள வர்ற அடுக்குமாடிய ஒட்டுண்ணின்னே எழுதி வச்சிருக்கு. இன்னைக்கு அத்தான் ஊர்ல கேக்குறவங்க நல்ல எண்ணத்துலதான் கேப்பாங்க, நான் இல்லங்கல. நமக்கு அந்தச் சுத்தி வளைக்குற சோலியே இல்ல. நம்ம ஊர்ல எந்தத் தெருவுல யாரு இருக்கலாம், யாரு செருப்பக் கழட்டிட்டு நடக்கணும்கிறதுக்கு விதிப் புத்தகம் எதுவும் தேவைப்படல. அதனால ‘தெருவோட தன்மை’ன்னு யாரு பேசினாலும், எந்த வருஷத்துத் தன்மை, யாரோட தன்மைன்னு எனக்கு ஒடனே கேக்கத் தோணும்.

எங்க ஆச்சி வீட்டுக்கு நாலு படி. ஒவ்வொண்ணும் அரை அடி கருங்கல்லு. ரோட்டுல நின்னு பாத்தா ஆச்சி கொஞ்சம் ஒசரத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கும். அடிப்படியில நாயும் நாங்களும். ரெண்டாவது படியில கீரைக்காரி பெட்டிய எறக்கி வச்சுட்டு உக்காருவா, மோர்க்காரம்மாவும் அங்கதான். மூணாவது படியில தாத்தாவோட சேக்காளிங்க வெத்தலச் செல்லத்தோட வந்து உக்காந்தா ராத்திரி எட்டு மணி ஆகும் எந்திரிக்க. நாலாவது ஏறினா திண்ணை. வாறுகால், அதான் தெருச் சாக்கடை, அத அள்ள வர்ற அம்மா எந்தப் படியிலயும் ஏறினது இல்ல, கையக் குவிச்சு நிப்பா, ஆச்சி மேல இருந்து செம்புல தண்ணி ஊத்துவா. ஆச்சி தங்கமான மனுஷி, என்னைய வளத்தவ, இதையும் அவதான் செஞ்சா. அந்தப் படியெல்லாம் மண்ணுக்குள்ள போனதுக்கு நான் முழுசா அழ முடியாது தம்பி. ஆனா அது எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சா நீங்க அழுவீங்க.

எந்தப் புரட்சியும் வந்து எடுக்கல. ரோடு போட்டே மூடினாங்க.

நான் மூணாப்பு படிக்கையில நாலு படி. எட்டாப்புல மூணரை. தாரு ரோட்டச் சுரண்டாம அதுக்கு மேலயே ஜல்லி, அதுக்கு மேல தாரு. ஒரு தடவைக்கு ரெண்டு இஞ்சுன்னா நாலு தடவைக்கு எவ்வளவு, கணக்கு போட்டுக்கோங்க. பொறவு குழாய் பதிக்கத் தோண்டினாங்க, மூடுனது மேடா நின்னுச்சு, அந்த மேட்டுக்குச் சமமா மிச்ச ரோட்டையும் ஏத்துனாங்க. பொறவு சிமெண்டு ரோடு, அது ஒரேயடியா முக்கா அடி. சுரண்டுற மிஷினு தெருவுக்குள்ள நொழையாதுன்னாங்க, சுரண்டக் காசு எஸ்டிமேட்டுல இல்லன்னாங்க. ரோட்டுக்கு ஏத்தபடி வாறுகாலையும் ஒசத்திக் கட்டுனாங்க, இப்போ வாறுகால்ல இருந்து வீட்டுக்குத் தண்ணி வரும். எங்க வீட்டுக்கு வாசல்ல ஏறிப் போனது போயி எறங்கிப் போக ஆரம்பிச்சோம்.

வீடு பள்ளத்துக்குப் போனா மனுஷன் என்ன பண்ணுவான்? வாசல்ல செங்கல்லு வச்சு ஒரு கட்டு கட்டுவான். எங்க அப்பா கட்டுனாங்க. அது பத்தாதுன்னு தார்சாத் தரையில செங்கத்தூளும் மண்ணும் அடிச்சு முக்கா அடி ஏத்துனாங்க, நெலையோட ஒசரம் கொறஞ்சு போச்சு, சொந்த வீட்டுக்குள்ள குனிஞ்சு போகணும், அப்பாவுக்கு நெத்தியில எப்பவும் ஒரு புடைப்பு இருக்கும். சுவத்துல ஓதம் ஏறுச்சு. கொத்தனாரு சிமெண்டு பூசினாரு. சுண்ணாம்புச் சுவரு ஈரத்தக் குடிச்சா வெளியவும் விட்டுரும், அதுக்கு மேல சிமெண்டப் பூசினா போக வழியில்லாம ஈரம் இன்னும் மேலதான் ஏறும். இடுப்பளவு நின்ன ஓதம் கழுத்தளவு வந்துச்சு. இப்போல்லாம் ஜாக்கி வச்சு வீட்டத் தூக்குதாங்களே, அதையும் விசாரிச்சோம், தனி வீடுன்னா பண்ணலாம், ஒட்டு வீட்டுல ரெண்டு பக்கமும் பொதுச் சுவரு, நம்மளத் தூக்குனா பக்கத்து வீடு கிழியும். கடைசியில வித்தோம். வாங்குனவரு இடிச்சாரு. தேக்குத் தூணு மரக்கடைக்குப் போச்சு, அங்க இருந்து ஏதோ ரிசார்ட்டுக்குப் போயிருக்கும், அங்க அதுக்கு யாராச்சும் நல்ல வெளிச்சம் போட்டு வச்சிருப்பாங்க.

இப்போ உங்க பக்கத்து வீட்டுக்குப் போயி ஒண்ணு பாருங்க. கண்ணாடியப் பாக்காதீங்க, கீழ பேஸ்மட்டத்தப் பாருங்க. ரோட்டுல இருந்து நாலு அடி ஏத்தியிருப்பாரு. வண்டி ஏற சாய்தளத்த வாறுகாலுக்கு மேலயே போட்டிருப்பாரு. அவரு முட்டாள் இல்ல. அடுத்த முப்பது வருஷத்துக்கு ரோடு எவ்வளவு ஏறும்னு கணக்கு போட்டு இப்பவே ஏத்தி வச்சிருக்காரு. அவரு வாசல்ல நிக்க முடியாத தண்ணிதான் உங்க தார்சாவுக்கு வந்துச்சு. 1992 நவம்பர்ல தாமிரபரணி கரைய ஒடைச்சுட்டு ஊரப் புரட்டுனப்போ எங்க தெருவுல ரெண்டாவது படியோட தண்ணி நின்னுட்டு. 2023 டிசம்பர் 17, 18-ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுன அந்த மழையில, அதே தெருவுல மிச்சமிருந்த பழைய வீட்ல எல்லாம் கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு உக்காந்திருந்தாங்க. மழை பெருசுதான். படி இல்லாமப் போனதும் பெருசுதான்.

இத ஏன் இவ்வளவு நீட்டுதேன்னா, போன மாசம் டிரங்குப்பெட்டிய ஒழுங்கு பண்ணையில அப்பாவோட ஒரு ஃபைலு கெடச்சுது. உள்ள பதினோரு மனு. எல்லாம் கார்பன் நகல். ரோடு போடுற ஆபீசுக்கு எழுதுனது. மொத மனுவுல ‘சாலை மட்டத்திலிருந்து எங்கள் திண்ணை 20 அங்குலம்’னு இருக்கு, அடுத்ததுல 17, அடுத்ததுல 15. கடைசி மனுவுல ‘திண்ணையைவிடச் சாலை 3 அங்குலம் உயரம்’. ஒவ்வொரு தடவையும் போயி மடக்கு ஸ்கேல வச்சு அளந்திருக்காங்க. பதிலுன்னு ஃபைல்ல இருக்குறது ரெண்டே ரெண்டு அட்டை, மனு கிடைக்கப்பெற்றதுன்னு. அந்த நாள்ல நான் கத எழுதுறவன்னு தெருவுல தெரிய ஆரம்பிச்ச நேரம், அப்பா ஸ்கேலத் தூக்கிட்டு ரோட்டுல குனிஞ்சு நிக்கது எனக்கு வெக்கமா இருக்கும், ‘உங்களுக்கு வேற வேலையில்லையா’ன்னு கேட்டிருக்கேன். பதினோரு மனுவுலயும் ஒரு எடத்துலகூட அழகு, பாரம்பரியம்னு ஒரு வார்த்தை இல்ல. அங்குலம் மட்டும்தான் இருக்கு.

உங்க கேள்விய மறந்துட்டேன் பாத்தீங்களா. யாராவது படிப்பாங்களான்னு கேட்டீங்க. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி மாஸ்டர் பிளான் வரைவு வெளியிட்டா, ஆட்சேபணை, ஆலோசனை எழுத ரெண்டு மாசத்துக்குக் கொறையாம அவகாசம் குடுக்கணும். நேர்ல சொல்லணும்னு எழுதிக் கேட்டா கூப்பிட்டும் கேக்கணும். அந்த உரிமை உங்களுக்கு உண்டு, பயன்படுத்துங்க. ஆனா முகப்பு, மாடி, கலருன்னு எழுதி அத வீணாக்காதீங்க. 2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி மனையில 3,500 சதுர அடி வரைக்கும், கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு வீடு கட்ட சுயசான்று குடுத்தாப் போதும், ஆன்லைன்லயே அனுமதி. உங்க தெரு மனையில முக்காவாசி அதுக்குள்ளதான் வரும். எந்த ஆபீசர் வந்து உங்க தூண எண்ணப் போறாரு?

ரோட்டப் பத்தி எழுதுங்க. வீட்டுக்கு டிசைன் விதி கேக்குறதுக்கு முந்தி ரோட்டுக்கு ஒரு விதி கேளுங்க. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும்னு அதிகாரிகளுக்கு எழுதியிருக்காரு. அத உங்க தெருவுக்கு நடத்திக் காட்டச் சொல்லுங்க. தெருவுக்கு ஒரு மட்டக்கல்லு நடச் சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு இஞ்சு ஏறக்கூடாதுன்னு. அந்த ஒண்ணு நடந்தா பாதிப் பேரு வீட்ட இடிக்க மாட்டாங்க, மிச்சப் பேரு இடிச்சுக் கட்டுனாலும் நாலடி பேஸ்மட்டம் போட்டு உங்க தலையில தண்ணி விட மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, போடுவாரு, ரோடு ஏறுனா அவருக்கும்தான் நஷ்டம்.

அடுத்த தடவை வரும்போது வீட்டத் திறந்து நாலு நாளு தங்குங்க. ஒரு டேப்பு வாங்கி வச்சுக்கோங்க, கடைசிப் படியில இருந்து ரோடு எவ்வளவுன்னு அளந்து, தேதி போட்டு எழுதுங்க. ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, போய்ச் சேந்ததுக்கு அத்தாட்சி வாங்கிக்கோங்க. நகல் ஒண்ணு எடுத்து வச்சுக்கோங்க.